ரொபெர்த்தோ என்பதே அவர் பெயர்

என் அக்காள் மகள் இரண்டாம் படிவத்தில் படிக்கிறாள். பள்ளியின் சாஃப்ட்பால் அணியில் வலது மூலையில் நின்று பந்து தடுப்பவள். சென்ற வாரம் நிபோங் தெபாலில் அவளை அழைத்துவரத் திடலுக்குப் போயிருந்தபோது, வேலியோரம் உருண்டுபோன பந்தை ஓடி எடுத்து, திரும்பிய வேகத்திலேயே மூன்றாம் தளத்தை நோக்கி எறிந்தாள். பந்து இரண்டு முறை தரையில் பட்டுப் போய்ச் சேர்வதற்குள் எதிரணிப் பெண் தளத்தை மிதித்துவிட்டாள். முகம் வாடி வந்தவளிடம், சாஃப்ட்பாலின் மூத்த உறவான பேஸ்பாலில் அதே மூலையில் நின்று உலகத்தையே வியக்க வைத்த ஒருவரைப் பற்றிக் காரில் சொல்லத் தொடங்கினேன். வீடு வந்துவிட்டது, கதை முடியவில்லை. மீதியை இங்கே எழுதுகிறேன்.

ரொபெர்த்தோ கிளெமென்தே 1934 ஆகஸ்ட் 18 அன்று கரீபியக் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவின் கரோலினா என்னும் ஊரில், ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். அவருடைய தந்தை கரும்புத் தோட்டத்தில் வெட்டாட்களை வேலை வாங்கியவர். நம் வழக்கில் சொன்னால் மண்டோர். கரும்பு நமக்கும் அந்நியமானதன்று. கித்தா என்னும் ரப்பரும் செம்பனையும் வருவதற்கு முன்பு, 19ஆம் நூற்றாண்டில், இந்தச் செபராங் பிறை வட்டாரத்தில் கரும்புத் தோட்டங்கள்தாம் இருந்தன. நம் முன்னோரில் பலர் கப்பலேறி வந்தது அந்தக் கரும்பை வெட்டுவதற்குத்தான். அதனாலேயே கிளெமென்தேயைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், எங்கோ ஒரு தீவுக்காரர் என்ற எண்ணம் எனக்கு வருவதில்லை.

பள்ளியில் அவர் ஈட்டி எறிதலில் சிறந்து விளங்கினார். பின்னாளில் பேர்பெற்ற அந்தத் தோள்வலு அங்கே உருவானது. 1954இல் அமெரிக்க பேஸ்பால் அணியான புரூக்ளின் டாட்ஜர்ஸ் அவரை ஒப்பந்தம் செய்து, கனடாவின் மான்ட்ரியாலில் இருந்த தன் கிளை அணிக்கு அனுப்பியது. அங்கே அவருக்கு ஆடக் கிடைத்த வாய்ப்பு மிகக் குறைவு. அவ்வாண்டு தர வரிசையில் கடைசியாக வந்திருந்த பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், வெறும் 4,000 டாலருக்கு அவரைத் தன் பக்கம் எடுத்துக்கொண்டது. 1955 ஏப்ரல் 17 அன்று அவர் ஆடிய முதல் ஆட்டமே, அவரைக் கைவிட்ட அந்த டாட்ஜர்ஸ் அணிக்கு எதிராகத்தான்.

கறுத்த தோலும் ஸ்பானிய நாவும் ஒருசேர வாய்த்தவருக்கு அன்றைய அமெரிக்கா எளிய இடமாக இல்லை. ஃபுளோரிடாவில் பயிற்சிக்காலத்தின்போது வெள்ளை வீரர்கள் தங்கிய விடுதியில் அவருக்கு இடமில்லை. சக வீரர்கள் உணவகத்துக்குள் போய்ச் சாப்பிட்டு வரும்வரை கறுப்பு வீரர்கள் பஸ்ஸிலேயே காத்திருக்க வேண்டும். அவர் பேசிய ஆங்கிலத்தைச் செய்தியாளர்கள் உச்சரிப்புப் பிழையோடு அப்படியே அச்சிட்டார்கள். அவருடைய பெயரையும் தங்கள் வசதிக்காக 'பாப்' என்று சுருக்கி, வீரர்களின் படம் அச்சிட்ட அட்டைகளில்கூட அப்படியே போட்டார்கள். தம் பெயர் ரொபெர்த்தோ என்று அவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்த இடத்தில் எனக்கு அப்பாவின் நினைவு வராமல் இருக்காது. தோட்டத்துச் செக்ரோல் என்னும் ஆள்கணக்குப் பதிவேட்டில் அப்பாவின் பெயரை ஓரெழுத்து மாற்றி எழுதிவிட்டார்கள். அந்தப் பிழை அடையாளக் கார்டுக்குப் போனது, அங்கிருந்து எங்கள் பிறப்புப் பத்திரங்களுக்கும் வந்தது. "துரை ஆபீசில் போய்க் கேட்டால் என்ன நினைப்பார்களோ" என்று அப்பா கடைசிவரை அதைத் திருத்தக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு. கிளெமென்தேமீது நான் வைத்திருக்கும் மதிப்பில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

ஆட்டத்தைப் பொறுத்தவரை எண்களே போதுமான சாட்சி: அமெரிக்க பேஸ்பாலின் இரு பெரும் லீக்குகளில் ஒன்றான நேஷனல் லீக்கில் நான்கு முறை முதல்நிலை மட்டையாளர், 1966இல் அதன் மிகச் சிறந்த வீரர், 1961 முதல் 1972 வரை ஒவ்வோர் ஆண்டும் சிறந்த தடுப்பாளருக்கான தங்கக் கையுறை விருது. ஆனால் அவர் அழகு எண்களில் அடங்காது. மட்டை பிடிக்க வரும்போது கழுத்தை இப்படியும் அப்படியும் சுழற்றிச் சொடுக்குவார். உயரே வரும் பந்தை இடுப்புக்கு அருகே கையுறையை மல்லாத்தி, கூடையில் ஏந்துவதுபோல் ஏந்துவார். வலது மூலையிலிருந்து அவர் எறிந்தால் ஓடுகிறவர்கள் அடுத்த தளத்துக்குப் போகத் தயங்குவார்கள். இரு லீக்குகளின் வெற்றியாளர்களும் மோதும் உலகத் தொடரில் 1960, 1971 ஆகிய இரண்டு முறையும் பைரேட்ஸ் வென்றது. அந்த 14 ஆட்டங்களில் ஒன்றில்கூட அவர் மட்டை வெறுமனே திரும்பவில்லை.

1971 வெற்றிக்குப் பின் தொலைக்காட்சியில் பேச அழைத்தபோது, முதலில் தம் தாய்மொழியில் பேச அனுமதி கேட்டு, பிள்ளைகளுக்கு ஆசி கூறி, பெற்றோரிடம் ஆசி வேண்டினார். கோடிக்கணக்கானோர் பார்க்கும் வேளையில் பெற்றவர்களை வணங்கிவிட்டுத்தான் மற்றவர்களிடம் பேசினார் என்பதை ஒரு தமிழர் வீட்டில் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

1972 செப்டம்பர் 30 அன்று அவர் 3,000ஆவது அடியை (பந்தை அடித்துப் பத்திரமாகத் தளம் சேர்வதை) எட்டி, இரண்டாம் தளத்தில் நின்று தொப்பியை உயர்த்தினார். வழக்கமான லீக் பருவ ஆட்டங்களில் அதுவே அவருடைய கடைசி அடி. டிசம்பர் 23 அன்று நிகராகுவாவின் மனாகுவா நகரை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. சில வாரங்களுக்கு முன்புதான் போர்ட்டோ ரிக்கோவின் அமெச்சூர் அணியை அழைத்துக்கொண்டு அவர் அந்நகரில் தங்கியிருந்தார். அவர் திரட்டி அனுப்பிய நிவாரணப் பொருள்களை அங்கிருந்த அதிகாரக் கும்பல் அபகரிப்பதாகச் செய்தி வந்தது. தாமே நேரில் போனால் உரியவர்களிடம் சேர்ப்பித்துவிடலாம் என்று நம்பினார். டிசம்பர் 31 இரவு, அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றிய பழைய டிசி-7 விமானத்தில் ஏறினார். போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானிலிருந்து கிளம்பிய சற்று நேரத்தில் அது கடலில் விழுந்தது. அவருக்கு வயது 38.

ஆடுவதை நிறுத்தி ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்ற விதியைத் தளர்த்தி, 1973இலேயே பேஸ்பால் புகழ் மன்றத்தில் அவரைச் சேர்த்தார்கள். லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் கரீபியத்திலிருந்தும் அங்கே நுழைந்த முதல் வீரர் அவரே. நினைவு வழிபாட்டுக்குப் பைரேட்ஸ் அணியினர் போர்ட்டோ ரிக்கோவுக்கு வந்திருந்தார்கள். மானி சாங்கியேன் மட்டும் அந்த வழிபாட்டில் இல்லை. அவர் கடலுக்குள் மூழ்கி மூழ்கி நண்பரைத் தேடிக்கொண்டிருந்தார். உடல் கிடைக்கவே இல்லை.