டைனோசருக்குக் குறிலா, நெடிலா?

எங்கள் அலுவலகத்தில் சொல்லுக்கு இவ்வளவு என்றுதான் கூலி. டெங்கி எச்சரிக்கை, மின்தூக்கிப் பழுது அறிவிப்பு, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்துச் செருகும் தாள் என்று ஆங்கிலத்தில் எது வந்தாலும் சீனம், மலாய், தமிழ் என மூன்று மேசைகளுக்குப் பிரிந்து போகும். சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கத்தில் ஒரு பழைய கடைவீட்டின் மாடி. கீழே காப்பிக்கடை. பத்து மணிக்குக் காயா ரொட்டி வாட்டும் மணம் படியேறி வந்துவிட்டால் அடுத்த கால்மணி நேரம் யாரும் வேலை பார்ப்பதில்லை. தமிழ் மேசை பதினாறு ஆண்டுகளாக என்னுடையது.

இத்தனை ஆண்டுகளில் என் தூக்கத்தைக் கெடுத்தது காப்பீட்டுப் பத்திரமோ வழக்கு ஆவணமோ என்று நினைப்பீர்கள். முப்பத்திரண்டு பக்கச் சிறுவர் கையேடு ஒன்றுதான் கெடுத்தது. தொடக்கநிலை மூன்று, நான்கு மாணவர்களுக்கானது. அண்மையில் பெயர் சூட்டப்பட்ட டைனோசர்கள், பக்கத்துக்கு ஒன்று. படம், படத்தின் கீழே மூன்று வரி. மூன்று வரிதானே என்று இரண்டு நாள் கெடு சொல்லிவிட்டேன்.

மலாய் மேசைக்காரர் அன்று மாலைத் தேநீருக்குள் முடித்துவிட்டார். ரூமி என்ற லத்தீன் எழுத்தில் எழுதுகிறவருக்கு லத்தீன் பெயர் ஒரு சிக்கலே இல்லை. சாய்வெழுத்தில் அப்படியே இறக்கி வைத்துவிட்டு விளக்கத்தை மட்டும் மொழிபெயர்த்தால் போதும். சீன மேசையில் இருக்கும் அம்மையார் பெரும்பாலும் ஒலியைத் தொடுவதில்லை, பொருளைப் பெயர்த்துவிடுவார். டைனோசர் அவர்களுக்குக் 'கொங்லோங்', அதாவது அச்சமூட்டும் கடல்நாகம் (டிராகன்). டைரனோசாரஸ் ரெக்ஸ் 'பாவாங்லோங்', கொடுங்கோல் வேந்தக் கடல்நாகம். நமக்கும்தான் கோயில் தூணுக்குத் தூண் யாளி நிற்கிறதே, கொடுங்கோல் யாளி, கொம்பு யாளி என்று வைத்துவிட்டுப் போனால் என்ன என்று எனக்கு உண்மையாகவே ஆசை வந்தது. 'தொன்மா' என்ற நல்ல சொல்லும் இருக்கிறது. ஆனால் எந்தப் பிள்ளையும் தொன்மா பொம்மை வேண்டும் என்று கடையில் அழுவதில்லை. ஆகவே டைனோசர்.

பெயர்களை ஒலிபெயர்க்க வேண்டியதுதான் என்று முடிவானதும் தொல்லை தொடங்கியது. ஆங்கில எழுத்து குறிலையும் நெடிலையும் காட்டாது. தகரமா டகரமா என்றும் சொல்லாது. அது எல்லாவற்றையும் மூடி வைத்துக்கொண்டு வாசிப்பவர் தலையில் கட்டிவிடும். தமிழில் எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. பேனாவை வைக்கும்போதே தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். ராஜஸ்தானில் ஜெய்சால்மர் பக்கம் கிடைத்த, 16.7 கோடி ஆண்டு பழைய எலும்புகளுக்கு 2023இல் ஒரு பெயர் வைத்தார்கள். பயிற்சிக்கு வந்திருந்த பெண் அதைத் 'தரோசாரஸ்' என்று எழுதியிருந்தார். பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஆங்கிலத் தாளை மறுபடி பார்த்துவிட்டு, "தார் பாலைவனம் அக்கா" என்றார். ஒரு துணைக்கால் விடுபட்டதில் ஒரு பாலைவனமே காணாமல் போயிருந்தது. தாரோசாரஸ் என்று திருத்தினோம்.

அவரைக் கடிந்துகொள்ளும் தகுதி எனக்கு இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிவியல் துண்டுப்பிரசுரத்தில், சீனாவின் ஹெபெய் மாநிலத்தில் கிடைத்து 2015இல் பெயரிடப்பட்ட ஒரு சிறு டைனோசர் வந்தது. வௌவாலைப் போலத் தோல்சவ்வு இறக்கை உள்ளது. உலகிலேயே மிகச் சிறிய பெயர்களில் ஒன்று, ஆங்கிலத்தில் மொத்தம் நான்கே எழுத்து. 'யி குய்' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்த தாளைப் பெருமையாகச் சீன அம்மையாரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். மூச்சு வந்தபின், "யீ ச்சீ. முதலாவது இறக்கை, இரண்டாவது விநோதம்" என்றார். ஆறு அடி தள்ளி உட்கார்ந்திருக்கிறவர். எழுதுவதற்கு முன் நாற்காலியைத் திருப்பியிருந்தால் போதும். அவர் சொன்னதை நான் திரும்பச் சொன்னபோது எதிரே உட்கார்ந்திருந்த ஈயை விரட்டுவதுபோல 'ஈ, சீ!' என்று வந்தது வேறு கதை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். பெயர் எந்த மொழியில் பிறந்தது என்று முதலில் பார்ப்பேன். அந்த மொழி பேசும் வாய் ஒன்று பக்கத்தில் இருந்தால் சொல்லச் சொல்லிக் கேட்பேன். சிங்கப்பூரில் இது பெரும்பாலும் படியிறங்கும் தூரத்தில் கிடைத்துவிடும்.

கையேட்டின் முதல் பக்கத்திலேயே மங்கோலியா. 2025 ஜூனில் பெயர் பெற்ற கான்கூலூ. டைரனோசாரஸின் மூதாதையருக்கு மிக நெருங்கியது, ஏறத்தாழ 8.6 கோடி ஆண்டு பழையது, குதிரைக்குக் கொஞ்சம் கூடுதலாக 750 கிலோ எடை. மங்கோலிய மொழியில் பெயருக்குக் கடல்நாக இளவரசன் என்று பொருள். கடைசி 'லூ'தான் கடல்நாகம். இதைச் சொன்னதும் சீன அம்மையார், "எங்கள் லோங்கைப் போல இருக்கிறதே!" என்று முகம் மலர்ந்தார். எனக்குப் பிடித்தது வேறு ஒரு செய்தி. இந்த எலும்புகளை 1970களிலேயே தோண்டி எடுத்து உலான்பாத்தரில் வைத்துவிட்டார்கள். வேறொரு விலங்கின் பெயரை ஒட்டிக்கொண்டு அரை நூற்றாண்டு அங்கேயே கிடந்தன. கனடாவிலிருந்து போன ஓர் ஆய்வு மாணவர்தான் இது அது இல்லை என்று கண்டார். ஆகவே 'புதிய டைனோசர் கண்டுபிடிப்பு' என்ற ஆங்கிலத் தலைப்பைத் தமிழில் அப்படியே வைத்தால் இரண்டு சொல்லும் பிழை. அது புதியதும் இல்லை, இப்போது கண்டெடுத்ததும் இல்லை. 'புதிதாக இனங்காணப்பட்ட' என்று போட்டேன். கட்டத்துக்குள் அடங்கவில்லை.

கட்டம் என்றதும் அதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ் எப்போதும் கட்டத்துக்கு வெளியே காலை நீட்டும். பக்கம் அமைக்கும் இளைஞருக்குத் தமிழ் தெரியாது. பாவம், அவருக்கு எங்கள் எழுத்து ஓவியம். வரி நிறைந்தால் எங்கு வேண்டுமானாலும் வெட்டிவிடுவார். முதல் மெய்ப்பில் 'டைனோசர்' என்ற சொல்லின் 'னோ' இரண்டாகப் பிளந்திருந்தது. எழுத்து ஒரு வரியின் கடைசியில், கொம்பும் காலும் அடுத்த வரியில், நடுவே துணையில்லாத உயிர்க்குறிக்குக் கணினி போடும் புள்ளி வட்டம். டைனோசருக்குக் கொம்பு முளைப்பது இயல்புதான், ஆனாலும் இப்படி வேண்டாம் என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினேன்.

அடுத்ததும் கோபிப் பாலைவனத்திலிருந்து. மண்டையில் குவிமாடம்போல் கெட்டி எலும்பு கொண்ட டைனோசர்களில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழையது, 10.8 கோடி ஆண்டு. 2025 செப்டம்பரில் பெயரிட்டார்கள். முதல் பாதி 'ஸாவா', திபெத்திய மொழியில் வேர், மூலம். அதோடு தலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல் சேர்ந்து ஸாவாசெஃபாலி. பின்பாதி ரின்போச்சே. மெய்ப்புப் பார்க்கும் ஐயா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், எழுபதைக் கடந்தவர், கிரந்த எழுத்தைக் கண்டால் கொசுவைக் கண்டதுபோல் அடிப்பார். 'ஸாவா'வைச் 'சாவா' என்று மாற்றியிருந்தார்.

"ஐயா, பிள்ளைகள் சாவு என்று படிப்பார்கள்."

"படிக்கட்டுமே. சாவா என்றால் சாகாத என்றுதானே பொருள்? பத்துக் கோடி ஆண்டு கழித்தும் பெயர் வாங்கியிருக்கிறது, பொருத்தம்தான்."

வாதம் அழகாக இருந்தது. ஆனாலும் திபெத்தியப் பொருள் வேர்தானே. கடைசியில் ஸகரமே இருக்கட்டும் என்று விட்டுக்கொடுத்தார். ரின்போச்சேயை எப்படி எழுதுவது என்ற கேள்வி எழவே இல்லை. 'விலைமதிப்பற்றவர்' என்று திபெத்தியக் குருமாரை அழைக்கும் சொல் அது. சீன அம்மையார் தம் குருவை நாள்தோறும் அப்படித்தான் குறிப்பிடுவார். பாறைச் சரிவில் மண்டையோடு ஒரு மணிபோலப் பளபளத்துத் தெரிந்ததாம், அதனால் அந்தப் பெயர். குருவின் பெயரை ஒரு மீட்டர் நீள விலங்குக்கு வைத்தது அவருக்கு வருத்தமாக இருக்குமோ என்று கேட்டேன். எல்லாம் மறுபிறப்புதானே என்று தோளைக் குலுக்கினார்.

ஐயாவை முழுதாக இந்த வேலைக்குள் இழுத்தது இலக்கணம். விலங்கியல் பெயரின் இரண்டாம் பகுதி ஓர் ஆளின் நினைவாக அமைந்தால், பாலுக்கு ஏற்ப விகுதி மாறும். ஆணானால் 'இ', பெண்ணானால் 'ஏ', பலரானால் 'ஓரும்'. இதைச் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஆண்பால், பெண்பால், பலர்பால்! லத்தீனிலும் இருக்கிறதா?" பிறகு ஒவ்வொரு பெயரையும் அவரே பால் பிரித்தார். இங்கிலாந்தின் ஒயிட் தீவில் கிடைத்து 2025இல் பெயரிடப்பட்ட இஸ்டியோராகிஸ் மெக்கார்தரே: முதுகில் பாய்மரம்போல் நிமிர்ந்த எலும்புகள், தனியாக உலகைச் சுற்றிய பாய்மரப் படகு வீராங்கனை எல்லன் மெக்கார்தரின் பெயர், பெண்பால். தாய்லாந்தின் பூவியாங்கோசாரஸ் சிரிந்தோர்னே: 1994, இளவரசி சிரிந்தோர்ன், பெண்பால். பாராபாசாரஸ் தாகோரி: 1975, வங்காள மொழியில் பெரிய கால், தாகூர் நூற்றாண்டு விழா ஆண்டில் தோண்டியது, ஆண்பால். பிந்திய இரண்டும் புதியவை அல்ல. கையேட்டின் நடுவில் 'நம் ஆசியாவில்' என்று இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள், அங்கே வந்தவை.

அதே பக்கத்தின் மூலையில்தான் அந்தப் பெயர் இருந்தது. ஆங்கிலத்தில் பதினேழு எழுத்து. பயிற்சிப் பெண் 'புருஹாத்கயோசாரஸ்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டிருந்தார். நானும் முதலில் கடந்து போய்விட்டேன். ஐயாதான் பென்சிலை நிறுத்தினார். "இந்தியா என்று போட்டிருக்கிறதே, எந்த ஊர்?"

தேடிப் பார்த்தால் அரியலூர் மாவட்டம், கல்லமேடு. 1980களின் பிற்பகுதியில் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு நிலவியலாளர்கள் விவரித்தது. முதலில் ஊனுண்ணி என்று கருதி, பிறகு நீண்ட கழுத்துத் தாவர உண்ணி என்று கொண்டார்கள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டும் 2 மீட்டர். அப்படியானால் இதுவரை நிலத்தில் நடந்தவற்றுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாக இருந்திருக்கலாம்.

ஐயா தாளில் மெல்ல எழுதினார்: பிருகத் காயம். "பெருத்த உடம்பு, அம்மா. தஞ்சாவூர்க் கோயில் பிருகதீஸ்வரர் இல்லையா, அந்தப் பிருகத். அதே பெயரில் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலும் அந்த அரியலூர் மாவட்டத்தில்தான் இருக்கிறது. பெருவுடையார் என்று தமிழிலும் சொல்வோம். அப்படியென்றால் இது பெருவுடலார்."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. நம் மண்ணில் தோண்டியது, நாம் அன்றாடம் சொல்லும் சொல். ஆங்கில எழுத்து வழியாகச் சுற்றிக்கொண்டு வந்ததில் வாசலில் நின்ற உறவினரை யாரோ என்று நினைத்துக் கதவைச் சாத்தப் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் உள்ள லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்துக்குப் போனேன். அமெரிக்காவின் வயோமிங்கில் தோண்டி எடுத்த டிப்ளோடோசிட் என்ற நீண்ட கழுத்து டைனோசர் வகையின் மூன்று எலும்புக்கூடுகள் அங்கே இருக்கின்றன. பிரின்ஸ், அப்பல்லோனியா, டுவிங்கி என்று வீட்டுப் பிள்ளைகளுக்கு வைப்பதுபோல் செல்லப்பெயர்கள். பிரின்ஸுக்கு நீளம் மட்டும் 27 மீட்டர். அதன் காலருகே நின்று, 2 மீட்டர் என்பது எவ்வளவு உயரம் என்று கையைத் தூக்கிப் பார்த்தேன். விரல்நுனி எட்டியும் எட்டாமலும் இருந்தது. பக்கத்தில் நின்ற சிறுவன் நானும் டைனோசரைத் தொடப் பார்க்கிறேன் என்று நினைத்து, தொடக்கூடாது என்று ஆங்கிலத்தில் எச்சரித்தான்.

'பிருகத்காயோசாரஸ் (பெருவுடலார்)' என்று அனுப்பினோம். ஐயா அன்று கீழே போய் எல்லாருக்கும் தே தாரேக் வாங்கி வந்தார்.

இரண்டாம் மெய்ப்பில் அந்த மூலை வெறுமையாக இருந்தது. வாடிக்கையாளர் தரப்பில் அறிவியல் சரிபார்த்தவர் நீக்கச் சொல்லிவிட்டாராம். காரணத்தைக் குறை சொல்ல முடியவில்லை. கல்லமேட்டு எலும்புகள் ஏற்கனவே இற்றுப்போனவை, ஆய்வகம் போய்ச் சேருமுன் பொடிந்துவிட்டன. எஞ்சியவை சில படங்கள்தாம், அவையும் பல ஆண்டு கழித்து 2022இல்தான் வெளியாயின. பெயர் செல்லுமா என்பதே ஐயத்துக்குரியதாக இருக்கிறது.

ஐயா விடவில்லை. "பதினான்காம் பக்கத்து எகிப்து டைனோசருக்கு என்ன எலும்பு இருக்கிறதாம்?" டமேரிராப்டர், அன்புக்குரிய நாட்டின் திருடன். அதன் எலும்புகள் 1944இல் மியூனிக்கில் குண்டு விழுந்து எரிந்துபோனவை. பழைய புகைப்படங்களை வைத்துத்தான் 2025 ஜனவரியில் பெயரிட்டார்கள். எரிவதற்கு முன்பே ஸ்ட்ரோமர் என்ற ஜெர்மானியர் அளவெடுத்து, வரைந்து, 1931இல் விரிவாக எழுதி வைத்துவிட்டார் ஐயா, அதுதான் வேறுபாடு என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "எழுதி வைத்தவன் பிழைத்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளை எடுத்துக்கொண்டார்.

மாதக் கடைசியில் கணக்கு எழுதும்போது நீக்கிய பகுதியைக் கழிக்க வேண்டுமா என்று பயிற்சிப் பெண் கேட்டார். மூலத்தின் சொற்களை எண்ணித்தான் எங்களுக்குக் கூலி. பதினேழு எழுத்தானாலும் அது ஒரு சொல்தான். கழிக்க வேண்டாம் என்றேன்.