யூனி பிள்ளைகளும் கவுன்சலர் அறையும்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு பிள்ளைக்கு யூனி, அதாவது பல்கலைக்கழகம், கிடைத்தால் தோட்டத்துக்கே பெருமை. கோயிலில் மாலை போடுவார்கள். அதே பிள்ளை இரண்டாம் செமஸ்டரில் தூக்கமில்லாமல், வகுப்புக்குப் போகாமல் அறையிலேயே முடங்கிக் கிடந்தால் யாரிடம் சொல்லும்? வீட்டில் "சாமி பார்க்கலாம்" என்பார்கள். பார்க்கட்டும், தப்பில்லை. டாக்டரையும் பார்க்கணும் இல்லையா?

லீவுக்கு வந்த அக்கா மகளிடம் கேட்டேன். யூனியில் கவுன்சலிங் இலவசம் என்று அவளுக்குத் தெரியும். "போனா ஃபைல்ல ஏறிடும் மாமா, நாளைக்கு வேலை கிடைக்காது" என்கிறாள். காய்ச்சலுக்குப் போனாலும்தான் ஃபைலில் ஏறுகிறது!

தேசிய சுகாதார ஆய்வில் மனச்சோர்வு உள்ளவர்கள் 2019-இல் 2.3 விழுக்காடு, 2023-இல் 4.6. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவையும் 2023-இல் நீக்கிவிட்டார்கள். அது தெரியாமல் இன்னும் போலீசுக்குப் பயந்து மூடி மறைக்கிறவர்கள் உண்டு.

யூனியில் கூச்சமாக இருந்தால் அரசாங்க கிளினிக் இருக்கிறது, 1 வெள்ளிதான் (ரிங்கிட்). 21 கேள்விகள் உள்ள தாள் ஒன்று கொடுப்பார்கள். கடந்த ஒரு வாரம் எப்படி இருந்தது என்று 0 முதல் 3 வரை வட்டம் போட வேண்டும். அப்புறம் டாக்டர் பேசுவார், தேவைப்பட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்.

நடுராத்திரியில் மனசு தாங்கவில்லையா, மனசு விட்டுப் பேச பிஃப்ரெண்டர்ஸ் என்ற தொண்டு அமைப்பின் எண் 03-7627 2929. சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555.

ஈப்போ வட்டாரத்தில் தமிழில் பேசும் கவுன்சலர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் கீழே போடுங்கள். அக்காவும் கூட வருகிறேன் என்கிறார், அவருக்கு மலாய் அவ்வளவாக ஓடாது.