விரிகுடாப் பக்கத்து வீடு

2008 செப்டம்பர் 8, திங்கள்

1900-ஆம் ஆண்டு இதே நாளில்தான் ஒரு பெரும் புயலில், டெக்சஸ் கரையோரத் தீவில் இருக்கும் எங்கள் கால்வெஸ்டன் நகரத்தின் மீது கடல் ஏறியது. அன்று தீவின் மிக உயர்ந்த இடமே 8.7 அடிதான், வந்த நீரோ 15 அடிக்கும் மேல். ஏறத்தாழ 38,000 பேர் வாழ்ந்த ஊரில் குறைந்தது 6,000 பேர், பெரும்பாலோர் சொல்லும் கணக்குப்படி 8,000 பேர், மாண்டுபோனார்கள். ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில் இவ்வெண்களை எழுதிவைப்பது என் வழக்கம். இவ்வாண்டு எழுதிக்கொண்டிருக்கும்போது ஐக் புயல் கியூபாவின் மேல் இருக்கிறது.

செப்டம்பர் 9

ஐக் மெக்சிகோ வளைகுடாவுக்குள் இறங்கிவிட்டது.

செப்டம்பர் 10

இன்னும் தெற்கே கரையேறும் என்றுதான் முன்கணிப்பு சொல்கிறது. பக்கத்து வீட்டு அம்மையார் அதை நம்புகிறார், நான் நம்பவில்லை.

நம்பாததற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. இவ்வூர் வானிலை அலுவலகத்தின் தலைவராக இருந்த ஐசக் கிளைன் 1891-இல் நாளிதழில் ஒரு கட்டுரை எழுதினார்: பெரும் புயல் இந்த நகரத்துக்குக் கேடு செய்யும் என்பது வெறும் பிரமை, கரையோரக் கடற்பரப்பு ஆழமில்லாமல் சரிந்து கிடப்பதால் அலைகள் வலுவிழந்துவிடும் என்று. மெல்லச் சரியும் அந்த ஆழமற்ற கடற்பரப்புதான் புயல் தள்ளிவரும் நீரைக் குவித்து உயர்த்துகிறது என்பது இன்று எல்லோரும் அறிந்த பாடம். ஒன்பது ஆண்டுகள் கழித்து அவருடைய வீடு இடிந்து விழுந்தது. கருவுற்றிருந்த மனைவியை அவர் இழந்தார். படித்த மனிதர், தன் ஊரை நேசித்தவர், மனமறிந்து பொய் சொல்லாதவர். அப்படிப்பட்டவரின் உறுதிதான் என்னை அச்சுறுத்துகிறது.

மாலையில் ஓக் மரத்தடியில் நின்று அம்மையாரிடம் பேசினேன். வர மாட்டேன் என்றார். அவருடைய வீட்டுச் சுவரில் 1900 புயலைத் தாங்கிய வீடு என்று சொல்லும் பட்டயம் இருக்கிறது. அதைத் தொட்டுக் காட்டினார். ரீட்டா புயலின்போது ஊர் முழுவதும் ஒரே சாலையில் வெயிலில் நின்றதையும், கடைசியில் அப்புயல் கிழக்கே விலகிப்போனதையும் நினைவூட்டினார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

தீவு முழுவதும் வெளியேற வேண்டும் என்று ஆணை வந்துவிட்டது. ஓரிரு மாடி வீடுகளில் தங்குவோருக்கு மரணம் நிச்சயம் என்று தேசிய வானிலை சேவை எழுதியிருக்கிறது. வானிலை அறிக்கையில் மரணம் என்னும் சொல்லை நான் இதுவரை கண்டதில்லை. அம்மையாரிடம் அதை இருமுறை படித்துக் காட்டினேன். அவர் எனக்குத் தேநீர் கொடுத்தார்.

அவருடைய மாடிப்படிகளை எண்ணினேன். பதினேழு.

அவரை விட்டுவிட்டு, இரவு ஆஸ்டின் வந்து சேர்ந்தோம்.

செப்டம்பர் 12, வெள்ளி

புயல் இன்னும் வெகுதொலைவில் இருக்கிறது, காற்றுகூடப் பெரிதாக இல்லை. ஆனால் காலையிலிருந்தே தெருக்களில் நீர் ஏறிக்கொண்டிருப்பதைத் தொலைக்காட்சி காட்டுகிறது. கடற்சுவரின் மேல் அலைகள் மோதிச் சிதறுவதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். அந்தச் சுவர் 17 அடி உயரம். 1902-இல் தொடங்கி 1904-இல் முதல் பகுதியை முடித்தார்கள். 1915 புயலில் நகரத்தைக் காத்துத் தன் தகுதியைக் காட்டியது. அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலை முழுவதும் முதுகுப்புறத்தில், தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே கிடக்கும் விரிகுடாவில் இருக்கிறது.

சுவரைக் கட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை, ஊரையே உயர்த்தினார்கள். 1903 முதல் 1911 வரை ஐந்நூறு தெருக்கட்டங்களில், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களைத் திருகுத் தூக்கிகளால் தூக்கி நிறுத்தி, கடலடி மணலை நீரோடு கலந்து குழாய்களின் வழியே அவற்றின் அடியில் பாய்ச்சினார்கள். 3,000 டன் எடையுள்ள செயின்ட் பேட்ரிக் தேவாலயம்கூட ஐந்தடி உயர்ந்தது. வீட்டைத் தூக்கும் செலவு அவரவர் பொறுப்பு. நடப்பதற்குப் பரண்போல் கட்டிய பலகைப் பாதைகள். எங்கும் அழுகிய சேற்றின் நாற்றம். எட்டு ஆண்டுகள் அப்படி வாழச் சம்மதித்த மக்களை எண்ணும்போதெல்லாம் என் கண்கள் கலங்குகின்றன. ஆனால் நிரப்பிய நிலத்தைச் சுவரருகே உயர்வாகவும், மழைநீர் வடிவதற்காக விரிகுடாவை நோக்கிச் சரிவாகவும் அமைத்தார்கள். அந்தச் சரிவின் கடைசியில் என் வீடு இருக்கிறது, அம்மையாரின் வீடு இருக்கிறது, மரம் இருக்கிறது. சுவர் பார்ப்பது வளைகுடாவை. விரிகுடாப் பக்கம் சுவர் இல்லை.

தொலைபேசியை அம்மையார் எடுக்கவில்லை.

செப்டம்பர் 13, சனி

அதிகாலை 2.10-க்குக் கால்வெஸ்டனிலேயே கரையேறியது. நான் விழித்திருந்தேன்.

செப்டம்பர் 14

தொலைபேசி இல்லை. மின்சாரம் இல்லை. ஹூஸ்டனும் இருளில் கிடக்கிறது. எதிரே இருக்கும் பொலிவர் தீபகற்பத்தின் கில்கிறிஸ்ட் ஊரை வானிலிருந்து காட்டினார்கள். வீடுகள் இருந்த இடத்தில் மணல் மட்டுமே இருந்தது.

1900-இல் செயின்ட் மேரி அநாதை இல்லத்தில் பத்துக் கன்னியாஸ்திரிகள் குழந்தைகளைத் துணிக்கொடிக் கயிற்றால் தங்களோடு பிணைத்துக்கொண்டார்கள். பத்துப் பேரும் இறந்தார்கள். தொண்ணூறு குழந்தைகளும் இறந்தார்கள். மூன்று சிறுவர்கள் மட்டும் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்தார்கள். இரண்டு நாட்களாக அந்த மரத்தைப் பற்றியே எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 16

அம்மையார் அழைத்தார். உயிரோடு இருக்கிறார். நீர் அவருடைய மாடிப்படிகளில் ஒன்பதாம் படியில் நின்றதாம்.

செப்டம்பர் 24, புதன்

இன்றுதான் குடியிருப்பவர்களை உள்ளே விட்டார்கள். வீட்டுச் சுவரில் என் நெஞ்சளவுக்கு ஒரு பழுப்புக் கோடு, அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக ஓடுகிறது. எதிர்பார்த்தபடியே நீர் பின்புறத்திலிருந்துதான் வந்திருக்கிறது. குளிர்பெட்டி கவிழ்ந்து அடுத்த அறையில் கிடந்தது. அதைப் பற்றி எழுத இப்போது மனமில்லை.

மரம் நிற்கிறது. இலைகள் தீயில் வாட்டியவைபோல் பழுப்பாகிவிட்டன, ஆனால் நிற்கிறது.

அக்டோபர் 5

ரோசன்பெர்க் நூலகத்தின் கீழ்த்தளத்தில் நீர் புகுந்துவிட்டது. 1900 புயலைக் கண்டவர்கள் எழுதிய கடிதங்கள் மேல்தளத்தில் இருந்ததால் தப்பின. இச்செய்தியைக் கேட்டபோது என் வீட்டுக்காக அழாத அழுகையை அழுதேன்.

அக்டோபர் 19

அரளி துளிர்த்துவிட்டது. உப்புக்கு அஞ்சாத செடி. ஊரை உயர்த்தியபோது உப்பு மணலுக்கு அடியில் புதைந்து இங்கிருந்த மரங்களும் தோட்டங்களும் அழிந்தன. மொட்டை மணலாகக் கிடந்த நகரத்தில், மகளிர் சுகாதாரப் பாதுகாப்புச் சங்கத்தினர் தெருத்தெருவாக அரளியையும் ஓக் கன்றுகளையும் நட்டார்கள். எங்கள் தெருமுனை மரமும் அக்காலத்துக் கன்றுதான் என்கிறார் அம்மையார். அதற்கு நீர் ஊற்றும் பொறுப்பு அவருடைய பாட்டியினுடையதாம்.

நவம்பர் 2

மரத்தில் ஓரிடத்தில் புதுத் துளிர். அம்மையாரை அழைத்து வந்து காட்டினேன்.

டிசம்பர் 14

அம்மையார் மகளுடன் வாழ டாலஸ் சென்றுவிட்டார். பட்டயத்தைக் கழற்றவில்லை.

2009 பிப்ரவரி 22

மழையே இல்லை. நிலத்தில் தங்கிய உப்பைக் கழுவ வேண்டியது மழைதான். இந்த ஓக் இலையுதிர் காலத்தில் இலை உதிர்ப்பதில்லை; குளிர் முடியும்போது பழைய இலையைத் தள்ளிவிட்டு உடனே புதியதை விடும். அந்தப் பருவம் இதுதான்.

மார்ச் 15

பிராட்வே சாலை நெடுகிலும் நடந்தேன். பச்சை இருக்க வேண்டிய இடங்களில் வெறும் கிளைகள் வானத்தில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. நவம்பரில் வந்த துளிர், மரம் தன் கடைசிச் சேமிப்பைச் செலவிட்டது என்று மரங்களைப் பற்றி நன்கறிந்த ஒருவர் சொன்னார். அம்மையாரிடம் அதை நான் சொல்லப்போவதில்லை.

மார்ச் 22

அழைத்து, துளிர் என்ன ஆயிற்று என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

மார்ச் 29, ஞாயிறு

நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன். விரிகுடாப் பக்கம் உலர்ந்த பழுப்பு. தெற்கே, கை எட்டும் உயரத்தில், ஓரிடத்தில் மட்டும் ஈரமான பச்சை தெரிந்தது. குழாயைத் திறந்து அடிமரத்தில் வைத்திருக்கிறேன். இரவு முழுவதும் ஓடட்டும்.