லாசிக்: பவர் கணக்கு வேறு, பார்வைக் கணக்கு வேறு

இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் ஐந்தரை. கண்ணாடியைக் கழற்ற லாசிக் என்னும் லேசர் அறுவை என்று முடிவெடுத்ததும் எல்லாரையும் போல நானும் "6/6 கிடைக்குமா?", அதாவது எழுத்துப் பலகையில் இயல்பான பார்வை வருமா என்றுதான் கேட்டேன். பரிசோதித்த ஆப்டோமெட்ரிஸ்ட் சிரித்தார். "பவர் போகுமான்னு கேளுங்க சார், சொல்றேன். எப்படித் தெரியும்னு கேட்டா அது வேற கணக்கு."

காண்டாக்ட் லென்ஸை முன்கூட்டியே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். லென்ஸ் அழுத்திய கார்னியாவை, அதாவது கண்ணின் முன்பக்கக் கண்ணாடிப் படலத்தை, அளந்தால் எல்லாமே தப்பாகிவிடும். கார்னியாவைப் படமெடுத்து அளக்கும் பென்டகாம் கருவியில் அதன் கனம் 538 மைக்ரான் வந்தது. மேலே தூக்கும் மடலுக்கு 110, பவருக்காகச் சீவுவது ஒரு டயாப்டர் பவருக்குச் சுமார் 14 வீதம் 77. மிச்சம் 351. முந்நூறுக்கு மேல் இருந்ததால் தாராளம்.

அடுத்தது, கண் ஒளியை எப்படிக் குலைக்கிறது என்று அளக்கும் வேவ்ஃப்ரண்ட் கருவி. அறை விளக்கை அணைத்துவிட்டார்கள். கண்ணுக்குள் போன மெல்லிய ஒளி விழித்திரையில் பட்டுத் திரும்பும்போது, குட்டிக் குட்டி லென்ஸுகள் அதைப் புள்ளிகளாகப் பிரிக்கின்றன. பழுதில்லாத கண்ணென்றால் புள்ளிக்கோலம் போல வரிசை கலையாமல் நிற்கும். பவரைக் கழித்த பிறகும் என் இடது கண்ணில் கீழ்ப்பக்கம் வரிசை கலைந்திருந்தது. ஒளிப்புள்ளியை வால் போல இழுத்துக் காட்டும் 'கோமா' வகைப் பிறழ்ச்சியாம். கார்னியா கூம்பிப்போகும் நோயின் தொடக்கமோ என்று மறுபடி பென்டகாம் எடுத்து, இல்லை என்று உறுதியான பிறகே தேதி கொடுத்தார்கள்.

அப்போது என் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று திரையில் ஓர் ஆங்கில எழுத்தை ஆப்டோமெட்ரிஸ்ட் காட்டினார். கண்பாவை 3 மில்லிமீட்டராக இருக்கும்போது எழுத்து பளிச்சென்று இருந்தது. 6 மில்லிமீட்டரானதும் அதற்கு வால் முளைத்தது. "ராத்திரியில இப்படித்தான் இருக்கும்."

அறுவை முடிந்த மறுநாளே இரண்டு கண்ணிலும் 6/6. வீட்டில் கொண்டாட்டம். ஆனால் பல மாதம் கழித்தும், இரவில் எதிரே வரும் லாரி விளக்குக்கு இடது கண்ணில் மட்டும் வால். வெளிறிய சாம்பல் எழுத்துப் பலகையிலும் அந்தக் கண்தான் முதலில் தடுமாறியது. கறுப்பு எழுத்துப் பலகைக்கு இந்த வித்தியாசமே தெரியவில்லை.

ரிப்போர்ட்டில் மொத்தப் பிறழ்ச்சிக்கென்று ஒற்றை எண் போடுகிறார்களே, அதை நம்பி எதையும் ஊகிக்க முடியாது என்பது என் கட்சி. சில பிறழ்ச்சிகள் சேர்ந்தால் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். அளவு ஒன்றாகவே இருந்தாலும் ஒரு வகைப் பிறழ்ச்சி எழுத்தைக் குலைக்கும், இன்னொரு வகை விட்டுவிடும். கண்ணீர்ப் படலம் காய்ந்தாலும் எல்லாம் மாறும். எனக்கே சொட்டு மருந்து விட்ட பிறகு வால் சற்றுக் குட்டையாகிறது. அதனால் எண்ணைவிட, விரிந்த கண்பாவைக்கான அந்த எழுத்துப் படத்தைக் கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், அறுவைக்கு முந்தைய அளவுகளின் நகலையும் வாங்கி வையுங்கள். வயதான பிறகு கண்புரைக்கு லென்ஸ் வைக்கும்போது பவர் கணக்கிட அது உதவும்.