இருபது வெள்ளை விரிப்புகள்

றொறன்ரோவிலிருந்து ஆர்வியட்டுக்கு ஆசிரியையாகப் புறப்பட்டபோது என் பெட்டியில் இருபது வெள்ளைப் படுக்கை விரிப்புகள் இருந்தன. ஒக்டோபர் 31ஆம் திகதி, பிள்ளைகள் வேடமிட்டுக் கொண்டாடும் ஹலோவீனன்று, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அனைவரையும் பேய்களாக்கி, இருட்டியதும் பாடசாலையிலிருந்து சமூக மண்டபம் வரை ஊர்வலமாக அழைத்துச் செல்வதென்று ஓகஸ்டிலேயே முடிவு செய்திருந்தேன். விரிப்பில் கண்களுக்கு இரண்டு துளைகள் வெட்டினால் வேலை முடிந்தது. தைக்கத் தெரியாத எனக்கு இதைவிட வசதியான வேடம் வேறில்லை.

ஆர்வியட், கனடாவின் வடக்கே நூனவுட் ஆட்புலத்தில் ஹட்சன் விரிகுடாவின் மேற்குக் கரையில் உள்ள ஊர். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அங்கே 2,864 பேர் வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் வடதுருவப் பகுதியின் பழங்குடியினரான இனுயிட் மக்கள். வெளியூரிலிருந்து அங்கே செல்லத் தெரு கிடையாது. கனமான சரக்கு கோடையில் கப்பலில் வரும், மற்றவை விமானத்தில் வரும். கடையில் பூசணிக்காயின் விலைச்சீட்டைப் பார்த்தபின், செம்மஞ்சள் தாளில் பூசணிக்காய் வெட்டி ஒட்டினாலே போதும் என்று தோன்றிவிட்டது.

ஒக்டோபர் நடுப்பகுதியில் ஒருநாள் விரிப்புகளைப் பிரித்துக் காட்டி, பேயாக யாருக்கு விருப்பம் என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் மூக்கைச் சுருக்கியது. அங்கே புருவத்தை உயர்த்தினால் ஆம், மூக்கைச் சுருக்கினால் இல்லை என்பது எனக்கு அதற்குள் பழகியிருந்தது. ஆனால் இத்தனை மூக்குகள் ஒரே நேரத்தில் ஏன் சுருங்கின என்பது விளங்கவில்லை. பேரப்பிள்ளைகள் கண்ட இனுயிட் பெண்மணியான என் வகுப்பு உதவியாளர், பிள்ளைகள் விளையாடப் போகும்வரை காத்திருந்து, விரிப்பின் ஓரத்தை விரல்களால் தடவியபடியே சொன்னார்: “வெள்ளை வேண்டாம். இருட்டில், துப்பாக்கி வைத்திருப்பவரின் கண்ணுக்கு இது கரடி.”

கோடையில் விரிகுடாவின் பனிக்கட்டி உருகியதும் துருவக் கரடிகள் கரையேறிவிடும். பனிக்கட்டியின் மேல் நின்றுதான் அவற்றால் சீல்களைப் பிடிக்க முடியும் என்பதால், மாதக்கணக்கில் அரைப்பட்டினியாகக் கிடந்து, கடல் மறுபடி உறைவதை எதிர்பார்த்து ஒக்டோபரிலும் நவம்பரிலும் கரையோரமாக வடக்கு நோக்கி நடக்கும். அந்த வழியில்தான் ஊர் இருக்கிறது. கரடிக் காவலர்கள் இரவில் ‘ஹொண்டா’வில் ரோந்து போவார்கள்; நான்கு சக்கர மோட்டார் வண்டியை யார் செய்திருந்தாலும் அங்கே அது ஹொண்டாதான். 2014இல், பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று இனிப்பு வாங்கும் வழக்கத்தையே ஊரார் கரடிகளுக்காக நிறுத்தி, ஹலோவீனைச் சமூக மண்டபத்துக்குள் கொண்டுபோனார்கள். அந்தச் செய்தியை நான் றொறன்ரோவில் பஸ்ஸில் இருந்தபடி வாசித்திருக்கிறேன், தோழிக்கும் அனுப்பிச் சிரித்திருக்கிறேன். அப்படியிருந்தும், அதே ஊரில் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு வெள்ளைத் துணி போர்த்தி இருட்டில் நடத்திச் செல்லத் திட்டமிட்டது இதே நான்தான் என்பதை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது.

விரிப்புகளுக்கு வழிகாட்டியவரும் அந்த உதவியாளர்தான். மறுநாள் அவர் பிள்ளைகளை வட்டமாக இருத்தி, இனுயிட் மக்களின் இனுக்டிடூட் மொழியில் கல்லுப்பில்லுக்கின் கதையைச் சொன்னார். அது கடல் பனியின் வெடிப்புகளுக்குக் கீழே வாழும். தனியாக ஓரத்துக்கு வரும் பிள்ளையைப் பிடித்து, முதுகுப் பையில் போட்டுக்கொண்டு போய்விடும். யாழ்ப்பாணத்தில் கிணற்றுக்கட்டில் எட்டிப்பார்த்தால் உள்ளேயிருந்து ஒன்று கையை நீட்டும் என்று அம்மம்மா என்னை வெருட்டியது நினைவுக்கு வந்தது. இரண்டு கிழவிகளும் சந்தித்திருந்தால் மொழியே தேவைப்பட்டிருக்காது.

ஹலோவீனன்று பகலில், பாடசாலை விளையாட்டரங்கின் தரை முழுவதும் விரிப்புகளைப் பரப்பினோம். அதுவே கடல் பனி. ஆங்காங்கே நான் வெட்டிய கீறல்கள் வெடிப்புகள். பாத்திரம் கழுவும் பச்சைக் கையுறையை மாட்டிய ஒரு சிறுமி விரிப்புக்கடியில் படுத்திருந்தாள். வகுப்பில் இரண்டு மாதங்களாக என்னிடம் ஒரு சொல்லும் பேசாத பிள்ளை அவள். மேலே ஒரு பையன் அடி அடியாக நடந்து வந்தான். பச்சைக் கை கீறல் வழியே மெல்ல எழுந்தது, பொறுமையாகத் தரையைத் தடவியது, திடீரென்று அவன் சப்பாத்தைப் பிடித்தது. அவன் போட்ட கூச்சலில் அரங்கே எழுந்து நின்றது. விரிப்புக்கடியிலிருந்து அவள் சிரிக்கும் சத்தத்தை நான் முதன்முறையாகக் கேட்டேன்.

தேவாலயம் இந்த நாளை ஏற்பதில்லை என்பதால் இரண்டு பிள்ளைகள் நூலகத்தில் இருந்தார்கள். அவர்களுக்கென்று உருப்படியாக எதையும் நான் ஒழுங்குசெய்திருக்கவில்லை. அது என் தவறு.

மாலையில் பெற்றோர் பிள்ளைகளை மண்டபத்துக்கு வண்டிகளில் கொண்டுவந்து வாசலிலேயே இறக்கினார்கள். வேடங்களெல்லாம் தடித்த குளிர்ச்சட்டைக்குள் மறைந்திருந்தன. உள்ளே வந்து கழற்றிய பிறகுதான் சிலந்தி மனிதன் யார், இளவரசி யார் என்று தெரிந்தது.

அடுத்த நாள் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தபோது, கீறல் விழாத இரண்டை எடுத்துக்கொள்ளலாமா என்று உதவியாளர் கேட்டார். எதற்கு என்றேன். வசந்தத்தில் சீல்கள் பனியின் மேலேறி வெயில் காயும்போது, வேட்டைக்காரர் ஒரு வெள்ளைத் திரையை முன்னால் பிடித்து, அதன் மறைவில் ஊர்ந்து நெருங்குவார்களாம். மருமகனின் திரை பழசாகிவிட்டதாம். வெளிச்சத்துக்கு எதிரே துணியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எனக்காகப் புருவத்தை உயர்த்தினார்.