மூன்று நாள் லீவு, ஐந்து கடிகாரம்

ஏப்ரல் 30, 2026, வியாழன் இரவு

மூத்தவள் ஹாஸ்டலிலிருந்து வந்துவிட்டாள், வழக்கம்போல ஒரு மூட்டை அழுக்குத் துணியோடு. நாளை மே தினம். சனி, ஞாயிறும் ஒட்டிக்கொண்டு வருகிறது. சின்னவனுக்கு முழுப்பரீட்சை லீவு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதால் அவனுக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

இவர் வெள்ளைத்தாளில் நிகழ்ச்சி நிரல் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறார். முதல் வரி: "காலை 6.30 - எல்லோரும் நடைப்பயிற்சி." எல்லோரும் என்பதற்கு அடிக்கோடு வேறு. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து படித்தார். "ஆறரைன்னா வெயில் ஏறிடுமே மாப்பிள்ளை" என்றார். மூத்தவளும் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மே 1, வெள்ளி

நடக்கப் போனது இவரும் சின்னவனும்தான். அப்பா ஐந்து மணிக்கே போய்விட்டு வந்து பேப்பருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். மூத்தவள் எழுந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது.

"பத்தொன்பது வயசாச்சு, இன்னும் இப்படித் தூங்கினா எப்படி?" என்று இவர் ஆரம்பித்தார். இந்த விஷயத்தில் நான் அவள் கட்சி. வயதுக்கு வந்த பிள்ளைகளுக்கு, உடம்பைத் தூக்கத்துக்குத் தயார்செய்யும் மெலடோனின் என்ற ஹார்மோன் இரவில் தாமதமாகத்தான் சுரக்கத் தொடங்குகிறது. அந்தத் தாமதம் வருடத்துக்கு வருடம் கூடி, ஏறத்தாழ இருபது வயதில் உச்சத்துக்குப் போய், அதன் பிறகுதான் மெல்லத் திரும்புகிறது. வயதாக ஆக உறக்கமும் விழிப்பும் முன்னே நகர்ந்துகொண்டே வரும். பதினொரு மணிக்கு எழுந்த பேத்தியும் நாலு மணிக்கு எழுந்த தாத்தாவும் அவரவர் உடம்பு சொன்னபடிதான் நடந்துகொண்டார்கள். அவருக்குக் கிடைக்கும் 'நல்ல பழக்கம்' என்ற பாராட்டும், அவளுக்குக் கிடைக்கும் 'சோம்பேறி' பட்டமும் எனக்கு நியாயமாகப் படவில்லை. இதைச் சொன்னதும் இவர் அடிக்கோடு போட்ட தாளைக் கழற்றினார். கிழிக்கவில்லை, மடித்து வைத்துக்கொண்டார்.

மே தினம் எங்கள் வீட்டில் அப்பாவின் பண்டிகை. 1886-ல் எட்டு மணி நேர வேலை கேட்டு சிகாகோவில் நடந்த போராட்டம், 1889-ல் மே முதல் தேதியைத் தொழிலாளர் நாளாக்கிய பாரிஸ் மாநாடு, 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் உடன்படிக்கையே எட்டு மணி நேர வேலையைப் பற்றியதுதான் என்பது வரை வருடா வருடம் ஒப்பிப்பார். இந்த முறை சின்னவன் மாட்டிக்கொண்டான். "எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் தூக்கம், மிச்சம் எட்டு நமக்கு. புரிஞ்சுதா?" என்று முடித்தார். "அப்போ ஸ்கூலும் டியூஷனும் சேர்த்தா எனக்கு எட்டுக்கு மேல வருதே தாத்தா" என்றான் அவன். அப்பாவிடம் பதில் இல்லை.

அவர் ஆலையில் ஷிப்ட் பார்த்தவர். ஒரு வாரம் காலை ஆறிலிருந்து இரண்டு, அடுத்த வாரம் இரண்டிலிருந்து பத்து, அதற்கடுத்த வாரம் ராத்திரி பத்திலிருந்து விடியற்காலை ஆறு. உடம்பு ஒரு நேரத்துக்குப் பழகும்போது ஷிப்ட் மாறிவிடும். நைட் ஷிப்ட் வாரங்களில்தான் எங்கள் வீடு வேறு வீடாக இருக்கும். ஜன்னலில் கருப்புக் கம்பளி தொங்கும். ரேடியோவுக்கு ஓய்வு. நானும் தம்பியும் கைச்சாடையிலேயே சண்டை போடக் கற்றிருந்தோம். கிள்ளினால்கூட அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பிக் கிள்ள வேண்டும். லீவு நாளில் தெருப்பிள்ளைகள் கூப்பிட வந்தால் அம்மா வாசலிலேயே மறித்து, உதட்டில் விரல் வைத்து அனுப்பிவிடுவாள். அந்த 'மிச்சம் எட்டு' அம்மாவுக்கு எந்தக் கணக்கில் வந்தது என்று அப்பாவிடம் நான் கேட்டதில்லை. இன்றும் கேட்கவில்லை. கேட்டால் வருத்தப்படுவார், வருத்தப்பட்டு ஆகப்போவது என்ன.

இன்று பௌர்ணமி. இந்த மே மாதத்துக்கு இரண்டு; 31-ம் தேதி இன்னொன்று. பிறைச் சுற்று இருபத்தொன்பதரை நாள் என்பதால் முதல் தேதியில் விழுந்தது கடைசியிலும் விழுகிறது.

மே 2, சனி

ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தேன், மணி நாலுக்குப் பக்கம். பால்கனியில் பேச்சுக்குரல். மூத்தவள் இன்னும் படுக்கவே இல்லை. அப்பா அப்போதுதான் எழுந்திருக்கிறார். அவளுக்கு நேற்று முடியவில்லை, அவருக்கு இன்று தொடங்கிவிட்டது. நிலா மேற்கே இறங்கியும் வெளிச்சம் குறையவில்லை. நைட் ஷிப்டில் தூக்கம் அடித்துப்போடும் நேரம் எது என்று அவள் கேட்க, "மூணுலேர்ந்து அஞ்சு. மிஷின் சத்தமே தாலாட்டு மாதிரி ஆயிடும். கை போனவங்க பாதிப் பேருக்கு அந்த நேரத்துலதான் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு இது தெரியாது. இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதில்லை. நான் குறுக்கே போகாமல் வந்து படுத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

சாயங்காலம் செஸ். சின்னவன் மொபைலில் ஆடிக் கற்றவன். தாத்தா ஆலையின் ஓய்வறையில் கற்றவர். அவர் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளிவைக்க, இவன் பக்கத்தில் நின்ற தன் சிப்பாயைக் குறுக்கே நகர்த்தி அதை எடுத்துவிட்டான்.

"டேய், பக்கத்துல நிக்கிறவன எப்படிடா வெட்டுவ?"

"அதுக்குப் பேரு ஆன் பஸான் தாத்தா. நீங்க ஒரு கட்டம் வெச்சிருந்தா எப்படி வெட்டுவேனோ அப்படியே வெட்டலாம். ஆனா உடனே வெட்டணும், அடுத்த மூவுக்கு விட்டா போச்சு."

அரைமணி நேர வழக்கு. இவரும் மூத்தவளும் வந்து பஞ்சாயத்தில் உட்கார்ந்தார்கள். ஃப்ரிட்ஜ் கதவுத் தாளில் எந்த வரியிலும் இல்லாதபடி வீட்டில் ஐந்து பேரும் ஒரே அறையில் இருந்தோம்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். சின்னவன் சொல்வது மட்டும் அப்பாவுக்குத் தெளிவாகக் கேட்கிறது. இவர் கத்திச் சொல்லியும் "என்னது?" என்கிறார். வயதானால் முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகள். ச, த, ப போன்ற மெய்யொலிகள் மங்கிவிடும். கத்தும்போது உயிரொலிதான் பெருக்கும், சொல் தெளியாது. சின்னவன் பலகைக்கு எதிரே, முகத்துக்கு நேரே உட்கார்ந்து, சாதாரணக் குரலில் பேசுகிறான். வாயசைவும் சேர்ந்து கிடைக்கிறது. நாங்களோ அடுப்படியிலிருந்தும் டிவி சத்தத்துக்கு மேலேயும் கத்திவிட்டு, 'காது கேட்கிறதில்லை' என்று அலுத்துக்கொள்கிறோம். டிவியை அணைத்தேன். செவிப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் நேரம் வாங்க வேண்டும், வரமாட்டேன் என்பார்.

மே 3, ஞாயிறு

துணி துவைத்தல், மடித்தல், இஸ்திரி. எழுத ஒன்றுமில்லை.

மூத்தவள் மத்தியானமே கிளம்பினாள். நாளை எட்டு மணிக்கு வகுப்பாம். லீவு நாள் தூக்கத்துக்கும் வேலை நாள் தூக்கத்துக்கும் உள்ள இந்த இடைவெளிக்கு ஆராய்ச்சியாளர்கள் 2006-ல் 'சோஷியல் ஜெட்லாக்' என்று பெயர் வைத்தார்கள். விமானமே ஏறாமல் அவளுக்கு வாராவாரம் அந்தக் களைப்பு. போகும்போது தாத்தாவின் நம்பரை வாட்ஸ்அப்பில் மேலே பின் செய்துகொண்டாள். நாலு மணிக்கு மெசேஜ் போட்டால் பதில் வரும் ஒரே ஆள் அவர்தான் என்றாள். அந்நேரம் நீ ஏன் முழித்திருக்கப் போகிறாய் என்று கேட்டதற்குச் சிரித்தாள்.

அப்பா ஆன் பஸானை ஒத்துக்கொண்டார். இரண்டாவது ஆட்டத்தில் சின்னவன் மேலேயே அதைப் பிரயோகித்தார். இவன் பலகையைக் கலைத்துவிட்டு எழுந்து போனான்.

இவர் காலண்டரைப் புரட்டி அடுத்து எப்போது மூன்று நாள் சேர்ந்து வருகிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார். பேனாவை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன்.