சட்டைப் பையில் ஒரு வரி

மன்னார் வளைகுடாக் கரையில் உள்ள எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை பேச்சு மன்றத்துக்கு உரியது. பேசப்போகிறவர் யாராக இருந்தாலும் மேடை ஏறுமுன் தமிழையாவிடம் ஒரு துண்டுச்சீட்டு கொடுக்க வேண்டும். சொல்லப்போகும் கருத்து அதில் ஒரே வரியில் இருக்கும். ஐயா படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் பேசலாம். திருப்பிக் கொடுத்தால் அடுத்த வாரம்தான்.

இன்று துபாயிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் சங்கக் கூட்டங்களில் மேடையேறும் நம்மவர்கள் பலருக்கு அந்தச் சீட்டு நினைவிருக்கும். ஆனாலும் அரைமணி நேரப் பேச்சைக் கேட்டுவிட்டு வெளியே வருகிறவரிடம் "என்ன பேசினார்?" என்று கேட்டால், "நல்லாப் பேசினார்" என்பதோடு பதில் நின்றுவிடுகிறது. ஒரே கருத்தைச் சுற்றி உரையைக் கட்டும், ஊரில் கற்ற அந்தப் பாடத்தை இந்தச் சங்க மலரில் விரிவாக எழுதிவைப்பது அதனால்தான்.

பெரும்பாலான சீட்டுகள் திரும்பி வந்ததற்குக் காரணம், அவற்றில் தலைப்பு இருக்கும், கருத்து இருக்காது. 'மன்னார் வளைகுடாவின் கடல் வளம்' என்று எழுதிக் கொடுத்தால் ஐயாவின் முதல் கேள்வி, "பயனிலை எங்கேடா?" பயனிலை இல்லாத வரியைக் கேட்பவர் ஏற்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. சரியென்று 'கடல் வளத்தைக் காப்போம்' என்று மாற்றிக் கொண்டுபோனால் இரண்டாவது கேள்வி வரும்: "இதை வேண்டாம்னு சொல்ற ஆள் யாரு?" எவரும் மறுக்காத வரியைச் சுவரில் எழுதலாம். அதைக் கேட்க நாற்பது பேரை உட்காரவைக்க வேண்டியதில்லை.

இன்று ஒரு மாணவர் 'கடல்பாசி எடுக்கும் பெண்கள்தான் பாசியைக் காப்பாற்றுகிறார்கள்' என்று எழுதிக் கொடுத்தால் சீட்டு பைக்குள் போய்விடும். எடுக்கிறவர் எப்படிக் காப்பவர் ஆவார் என்று கேட்பவர் மனம் முரண்டு பிடிக்கும். பேச்சு முழுவதும் அந்த முரண்டுக்குப் பதில் சொல்லும் வேலைதான். பதில் நம் கரையிலேயே இருக்கிறது. பாம்பன் பகுதிப் பெண்கள் தங்களுக்குள் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசிக்குப் போவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். இரும்பால் சுரண்டுவதை விட்டுக் கையால் பறிக்கிறார்கள். பாறையில் ஒட்டிய அடிப்பகுதி மிஞ்சினால்தான் மறுபடி தழைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதே பேச்சை எப்படிக் கட்டுவது என்று பார்ப்போம். தொடக்கத்தில் பெண்களின் உழைப்பைப் பற்றிய பொதுவான வரிகள் எதுவும் வேண்டாம். ஒரு துணிக்கீற்றை எடுத்து, பேசிக்கொண்டே விரல் விரலாகச் சுற்றிக் காட்டினால் போதும். பவளப் பாறையின் விளிம்பு விரலைக் கிழிக்கும் என்பதால் தண்ணீருக்குள் இறங்குமுன் பெண்கள் இப்படித்தான் சுற்றிக்கொள்கிறார்கள். அவை அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "இந்தக் கை மாதத்தில் 12 நாள்தான் கடலில் இறங்கும். மீதி 18 நாள் கடலுக்கு ஓய்வு" என்று சொல்லலாம். கருத்து, எண், படம் மூன்றும் ஒரு நிமிடத்தில் வந்துவிட்டன. பொருள் கடைசி வரிசைக்குத் தெரியும் அளவுக்கு இருக்க வேண்டும். வெள்ளைத் துணியைவிடச் சிவப்புத் துணி நல்லது. காட்டியதும் கீழே வைத்துவிட வேண்டும். பேச்சின் நடுவில் கைமாற்றிச் சுற்றுக்கு விட்டால், பொருள் யாரிடம் போகிறதோ அவர் பேச்சைக் கேட்க மாட்டார்.

எண்களில் நம்மவர்களுக்குத் தாராளம் அதிகம். பத்து நிமிடப் பேச்சுக்கு மூன்று எண் போதும். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், தேசியப் பூங்கா 1986இல், உயிர்க்கோளக் காப்பகம் 1989இல், மீன்பிடித் தடைக்காலம் 61 நாள் என்று வரிசையாக அடுக்கினால் எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் இவற்றில் எதுவும் சீட்டில் உள்ள வரியைத் தாங்கி நிற்கவில்லை. 12-ஐத் தாங்க உதவுவது 18 மட்டுமே. தடைக்காலத்தை ஒரு காரணத்துக்காகக் கொண்டுவரலாம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அரசு விசைப்படகுகளை நிறுத்துகிறது, 12 நாள் கட்டுப்பாடோ பெண்கள் தாமே வைத்துக்கொண்டது. இந்த ஒப்பீடு கருத்தை உயர்த்துகிறது, அதனால் அந்த எண்ணுக்கு இடம் உண்டு.

கலைச்சொல்லை விளக்கும்போது, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும். 'கடல்புல்' என்றதும் பலர் அதையும் பாசி என்றே நினைப்பார்கள். "பாசிக்கு வேர் கிடையாது, கடல்புல்லுக்கு வேர், இலை, பூ மூன்றும் உண்டு, ஆவுளியா மேய்வது இந்தப் புல்லைத்தான்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் முடிந்தது. கடல்பசு என்பதைவிட ஆவுளியா என்றால் நம் ஊர் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அயலில் பிறந்த பிள்ளைகள் இருக்கும் அவையில் இரண்டு பெயரையும் சொல்ல வேண்டும்.

ஒரே கருத்தில் நிற்கும் உரைக்கு முன்மாதிரி தேட நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1897 ஜனவரி 26 அன்று விவேகானந்தர் பாம்பனில் கரையிறங்கினார், இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். அந்தப் பயணத்தில் இராமேசுவரம் கோயிலில் அவர் பேசியதைப் பாருங்கள். சிவனை வழிபட வந்தவர்கள் நடுவே நின்று, ஏழையிடமும் நலிந்தவரிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பவரே உண்மையில் வழிபடுகிறார் என்றார். பயனிலை இருக்கிறது, மறுக்க ஆள் இருக்கிறார்கள், அதுவும் அந்த இடத்திலேயே. அதை விளக்க அவர் சொன்னது இரண்டு தோட்டக்காரர்களின் கதை. ஒருவன் வேலை செய்யாமல் முதலாளி வரும்போதெல்லாம் அவர் அழகைப் புகழ்கிறான், மற்றவன் பேசாமல் உழைத்துக் காய்கனிகளைக் கொண்டுவந்து கொடுக்கிறான். முதலாளிக்கு யாரைப் பிடிக்கும் என்பதைக் கேட்பவரே முடிவு செய்துகொள்வார். மொத்தமும் சிறிய உரைதான்.

இராமேசுவரத்தில் பிறந்து இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த கலாம், மாணவர் கூட்டங்களில் தம் வரிகளை அவையே திருப்பிச் சொல்லும்படி செய்வார். உரை எழுதுகிறவர் தம் மைய வரியை இப்படிச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு கூட்டம் சேர்ந்து சொல்ல முடியாத அளவுக்கு வரி நீண்டிருந்தால் அது இன்னும் பழுக்கவில்லை. அந்த வரி உரையில் மூன்று இடத்தில் வரட்டும்: தொடக்கத்தை ஒட்டி, நடுவில், முடிவில். மூன்று முறையும் அதே சொற்களில். அழகுக்காகச் சொல்லை மாற்றினால், புதிதாக வேறு ஏதோ சொல்கிறார் என்று அவை நினைத்துக்கொள்ளும்.

நேரம்: நின்று நிதானமாகத் தமிழில் பேசினால் நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு சொல் என்று வைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடத்துக்கு எண்ணூறு சொல் எழுதினால் போதும், மீதி நிறுத்தங்களுக்கும் கைதட்டலுக்கும். உலகெங்கும் கேட்கப்படும் டெட் (TED) உரை மேடையிலேயே வரம்பு 18 நிமிடம்தான். நம் மேடையில் முதல் மூன்று நிமிடத்தைத் தின்பது விளிச்சொற்கள். "தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, பொருளாளர் அவர்களே" என்று போகும்போது, அவையின் கவனம் மிகக் கூர்மையாக இருக்கும் நேரம் வீணாகிறது. பெயர் விட்டுப்போனால் மனத்தாங்கல் வரும் என்பது உண்மை. அதற்கு வழி, எல்லாரையும் வரவேற்புரையாளரே ஒருமுறை விளித்துவிடுவது. மற்றவர்கள் "அவையோர்க்கு வணக்கம்" என்று தொடங்கினால் யார் மனமும் நோகாது. 'எனக்குப் பேசத் தெரியாது, தயாரித்து வரவில்லை' என்ற அவையடக்கமும் வேண்டாம். அவை அதை நம்பிவிடும்.

மறுப்பைப் பேசுகிறவரே எடுத்துச் சொல்வது மிக முக்கியம், பலரும் தவறவிடுவதும் இதையே. பாசிப் பேச்சில் வலுவான மறுப்பு, "18 நாள் சும்மா இருந்தால் அடுப்பு எப்படி எரியும்?" என்பது. இதைக் கடந்துபோனால் பின்வரிசையில் ஒருவர் மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருப்பார், அதற்குமேல் சொல்வது எதுவும் அவருக்குள் இறங்காது. மறுப்பை அவர் சொல்வதைவிட நன்றாகவே சொல்லிவிட்டு, வருமான இழப்பு உண்மை என்று ஒப்புக்கொண்டு, அடியோடு சுரண்டினால் அடுத்த ஆண்டு 12 நாளுக்குக்கூடப் பாசி இருக்காது என்று வாதத்தை வைக்க வேண்டும். மறுப்புக்கு இடம் உரையின் நடுவுக்குச் சற்றுப் பின்னால். முடிவில் வைத்தால் அவை வீட்டுக்கு எடுத்துப்போவது மறுப்பைத்தான்.

முழு உரையையும் மனப்பாடம் செய்கிறவர் ஒரு சொல் தவறினால் நின்றுவிடுவார், ஏனென்றால் சொல் சொல்லைத்தான் இழுத்து வந்துகொண்டிருந்தது. முதல் மூன்று வாக்கியம், கடைசி இரண்டு, ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் வரிகள், இவை மட்டும் நெட்டுருவாக இருக்கட்டும். மற்றதை ஓர் அஞ்சலட்டையில் ஐந்து குறிப்பாக எழுதிக் கையில் வைத்துக்கொள்ளலாம். நின்றுகொண்டு, வாய்விட்டு, குறைந்தது மூன்று முறை பேசிப் பார்க்க வேண்டும். அதில் ஒருமுறை, விஷயம் தெரியாத ஒருவர் முன்னால். அவரிடம் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்கக் கூடாது, "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்க வேண்டும்.

ஸ்லைடு வேண்டுமானால் படம் மட்டும் போதும். எழுத்தைத் திரையில் போட்டால் அவை படிக்கும், படிக்கும்போது கேட்காது.

ஊருக்கு வந்து திடலில் பேசுகிறவர்கள் காற்றை மறந்துவிடக் கூடாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மைக்குக்குப் பஞ்சு உறை இல்லாவிட்டால் இரைச்சல்தான் கேட்கும். காற்று முதுகில் படும்படி மேடையை அமைத்தால் பேசுகிறவர் உடம்பே மைக்குக்கு மறைப்பு. வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் முதல் அரைச்சாண் வரை இருக்கட்டும், நேரே ஊதாமல் சற்றுச் சாய்வாக. ஒலிபெருக்கிப் பெட்டி மைக்குக்கு முன்பக்கம், அவையைப் பார்த்து இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் அதன் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்ப நுழைந்து ஊளையிடும்.

"இன்னும் ஒன்றே ஒன்று சொல்லி முடிக்கிறேன்" என்ற வரியை எங்கள் மன்றத்தில் ஒருமுறைதான் சொல்லலாம், இரண்டாம் முறை மணி அடிக்கும். முடிவு வரியைச் சொன்னதும் இரண்டு மூச்சு நேரம் நின்று, வணக்கம் சொல்லி இறங்கிவிட வேண்டும்.

பிறகு ஐயா கேட்டவர்களில் இரண்டு பேரை எழுப்பி, பேசியவர் சொன்னது என்ன என்று ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொல்வார். சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்து, மூன்றையும் பக்கம் பக்கமாக அறிவிப்புப் பலகையில் குத்தி வைப்பார். அடுத்த வெள்ளி வரை அவை அங்கேயே இருக்கும். பேசியவர் தினமும் அந்த வழியாகத்தான் தண்ணீர்க் குழாய்க்குப் போக வேண்டும்.